வீட்டு ஜன்னலில் கேட்லியா: வாங்குவதிலிருந்து பூப்பது வரை

"செடி நல்லாத்தான் இருக்கு, இலையெல்லாம் கரும்பச்சையா பளபளன்னு இருக்கு, பூ மட்டும் வரமாட்டேங்குது." கேட்லியா என்ற ஆர்கிட் செடியை வைத்திருப்பவர்கள் அதிகம் சொல்லும் புகார் இதுதான். பதிலும் அந்தப் புகாருக்குள்ளேயே இருக்கிறது. கேட்லியாவின் இலை கரும்பச்சையாக இருக்கிறது என்றால் அதற்கு வெளிச்சம் போதவில்லை என்று அர்த்தம். இலை இளம்பச்சையாக, லேசாக மஞ்சள் கலந்தாற்போல இருக்க வேண்டும். பார்ப்பதற்குக் கொஞ்சம் சோகையாகத் தெரியும், ஆனால் பூப்பது அந்தச் செடிதான்.

கேட்லியாவின் சொந்த ஊர் மத்திய, தென் அமெரிக்கா. கொலம்பியாவின் தேசிய மலர் கேட்லியா ட்ரையானே, வெனிசுவேலாவின் தேசிய மலர் கேட்லியா மோசியே. அங்கே இவை மரக்கிளைகளிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. வேர் காற்றில் இருக்கும், மழை பெய்தால் நனையும், சற்று நேரத்தில் காய்ந்துவிடும். இனி சொல்லப்போகும் எல்லாவற்றையும் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. எந்தச் செடியை வாங்குவது

விதையிலிருந்து வரும் கேட்லியா பூக்க 4 முதல் 7 வருடம் ஆகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று சின்ன நாற்றை வாங்கினால் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும். முதல் செடி பூக்கும் பருவத்தில் இருக்கட்டும். நன்றாகப் பருத்த பல்புகள், அதாவது இலைக்குக் கீழே இருக்கும் சதைப்பற்றான தண்டுகள், குறைந்தது நான்கைந்து இருக்க வேண்டும். புது முளை ஒன்று எட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. பழைய பூத்தண்டின் காய்ந்த அடி எங்காவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அது ஏற்கெனவே பூத்த செடி.

சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களுக்கு அசல் இனங்களைவிடக் கலப்பினங்களே சரி. 'பிஎல்சி' என்று சீட்டு குத்தியிருக்கும் செடிகள் அந்த வகை. புதிய பெயர்முறையில் இவற்றுக்கு 'ஆர்எல்சி' என்று போடுகிறார்கள், குழம்ப வேண்டாம். வெப்பம் ரொம்ப அதிகமான வீடு என்றால் கேட்லியாவின் நெருங்கிய சொந்தமான பிராசவோலா நோடோசாவில் தொடங்கலாம். சின்னச் செடி, வெள்ளைப் பூ, இருட்டிய பிறகுதான் மணக்கும், சூட்டுக்கு அசராது. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

2. எங்கே வைப்பது

பாதி வெற்றி இந்த இடத்தில்தான் இருக்கிறது. கேட்லியாவுக்கு 20,000 முதல் 30,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் தேவை. உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரியும் ஹாலின் நடுவே அளந்தால் சில நூறுதான் வரும். நம் கண்ணை இந்த விஷயத்தில் நம்பக் கூடாது. மொபைலில் லக்ஸ் மீட்டர் செயலி ஒன்றை இறக்கி, செடி இருக்கப்போகும் இடத்தில் காலை 10 மணிக்கு அளந்து பாருங்கள். மிகத் துல்லியமாக இருக்காது, இருந்தாலும் போதும். ஜன்னலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி மறுபடி அளந்தால் எண் எவ்வளவு விழுகிறது என்று தெரியும். டீப்பாய்மேல் வைத்த கேட்லியா ஏன் பூப்பதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

கிழக்கு ஜன்னல்தான் முதல் தேர்வு. காலை வெயில் நேராக விழலாம், 9 அல்லது 10 மணிவரை பயமில்லை. மேற்கு ஜன்னல் என்றால் 50 சதவீத ஷேட் நெட்டோ வெள்ளை மெல்லிய திரையோ அவசியம். வெளிநாட்டுப் புத்தகங்கள் தெற்கு ஜன்னலைத்தான் சொல்லும், ஆனால் நம் ஊரில் கதை வேறு. மார்கழி, தை மாதங்களில் தெற்கு ஜன்னலுக்குள் வெயில் நன்றாகச் சாய்ந்து விழும். மே, ஜூனில் சூரியன் உச்சியைத் தாண்டிச் சற்று வடக்கே போய்விடுவதால் அதே ஜன்னலில் நேர்வெயில் இருக்காது. அந்த மாதங்களில் செடியை வேறு ஜன்னலுக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

நிழலில் இருந்த செடியை ஒரே நாளில் வெயிலுக்குத் தள்ளாதீர்கள். இலை வெந்து வெள்ளையாகி, பிறகு கருத்துப்போகும். அந்த வடு ஆறாது. இரண்டு மூன்று வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஜன்னலை நோக்கி நகர்த்துங்கள். மதியம் இலையைத் தொட்டுப் பாருங்கள். கைக்குச் சூடாக இருந்தால் வெயில் அதிகம் அல்லது காற்றோட்டம் குறைவு என்று அர்த்தம். சின்ன ஃபேன் ஒன்று மெதுவாக ஓடினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நல்ல ஜன்னலே இல்லாத ஃபிளாட்டா? எல்இடி குரோ லைட் போடலாம். இலைக்கு மேலே ஒன்று, ஒன்றரை அடி உயரத்தில், தினமும் 12 மணி நேரம், டைமர் வைத்து.

பகலுக்கும் இரவுக்கும் 5 முதல் 8 டிகிரி வித்தியாசம் இருந்தால் கேட்லியா சந்தோஷமாக இருக்கும். கடலோர ஊர்களில் ஐப்பசிக்குப் பிறகுதான் இது ஓரளவு கிடைக்கும். இரவில் ஏசி ஓடும் படுக்கையறையின் ஜன்னல் இந்த விஷயத்தில் மோசமில்லை. ஏசியின் காற்று நேராகச் செடிமேல் அடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

3. தொட்டியும் நிரப்புபொருளும்

மண் கூடவே கூடாது. பக்கவாட்டிலும் ஓட்டை போட்ட மண்தொட்டி நல்லது. நிரப்ப: மரக்கரித் துண்டு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுச் சில்லு, கிடைத்தால் பைன் மரப்பட்டை. துண்டுகள் கட்டைவிரல் நுனி அளவாவது இருக்கட்டும். தேங்காய் மட்டைத் துண்டு சேர்ப்பதென்றால் சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி அலசி, உப்பும் கறையும் போன பிறகு சேருங்கள். ஈரப்பதம் அதிகமான சென்னை மாதிரி ஊர்களில் மட்டையைக் குறைத்துக் கரியையும் ஓட்டுச் சில்லையும் கூட்டுவது என் வழக்கம். மட்டை ஈரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

4. தண்ணீர்

கேட்லியா தண்ணீர் இல்லாமல் சாவது அபூர்வம், தண்ணீர் அதிகமாகிச் சாவதுதான் வழக்கம். ஊற்றும்போது தாராளமாக, அடியில் ஒழுகும்வரை ஊற்றுங்கள். பிறகு முழுக்கக் காயும்வரை தொடாதீர்கள். காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தொட்டியைத் தூக்கிப் பாருங்கள், ஊற்றிய அன்றைய கனமும் காய்ந்தபின் இருக்கும் கனமும் ஓரிரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். வெளியே தெரியும் வேரையும் பாருங்கள். நனைந்த வேர் பச்சையாகத் தெரியும், காய்ந்தால் வெள்ளி நிறத்துக்குத் திரும்பும்.

கோடையில் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாரம் ஒருமுறையே அதிகமாகிவிடலாம். எப்போது ஊற்றினாலும் காலையில் ஊற்றுங்கள். புது முளையின் இலைமடிப்புக்குள் தண்ணீர் இரவெல்லாம் தேங்கினால் அழுகல் வரும். முளை கருத்துக் கொழகொழவென்று ஆனால் உடனே நல்ல பாகம் வரை வெட்டி எறிந்துவிடுங்கள். மழைக்காலத்தில் அது ஓரிரு நாளில் அடுத்த பல்புக்குப் பரவிவிடும்.

போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் வேர்மேல் வெள்ளைப் படலம் படியும், நுனி கருகும். மழைத்தண்ணீர் பிடித்து வைத்தது உத்தமம், அடுத்தது ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ இயந்திரத்திலிருந்து கழிவாக வரும் தண்ணீரை மட்டும் இதற்கு ஊற்றாதீர்கள். வடிகட்டி விலக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

5. உரம்

கடையில் கிடைக்கும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம்) போதும். லிட்டருக்கு அரை கிராம், புது முளை வளரும் மாதங்களில் வாரம் ஒருமுறை. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரால் நன்றாக அலசிவிடுங்கள். சாணம், மண்புழு உரம் எல்லாம் வேண்டாம். வேரிடுக்கை அடைத்துவிடும். பூக்கவைக்கும் உரம் என்று விற்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. வெளிச்சம் குறைவான இடத்தில் எந்த உரமும் பூவைக் கொண்டுவராது.

6. பூவுக்காகக் காத்திருப்பது

பழைய பல்பு மறுபடி பூக்காது. ஒவ்வொரு பூவும் புதிதாக வளர்ந்து முதிர்ந்த பல்பின் உச்சியிலிருந்துதான் வரும். ஆகவே அடிவாரத்தில் முளை தெரிந்த நாளிலிருந்து அந்த முளைதான் உங்கள் கணக்கு. அது போன பல்பைவிடச் சின்னதாக நின்றுவிட்டால் வெளிச்சமோ வேரோ குறை. அதைவிடப் பெரிதாக வந்தால் சரியான வழியில் போகிறீர்கள்.

பல்பு முதிரும்போது இலைக்கும் தண்டுக்கும் இடையில் தட்டையான பச்சை உறை ஒன்று வரும். அதற்குள்தான் மொட்டு ஏறும். சில வகைகளில் உறை பச்சையாக இருக்கும்போதே மொட்டு வந்துவிடும். சிலவற்றில் உறை காய்ந்து பழுப்பாகி, மாதக்கணக்கில் சும்மா இருந்து, பிறகுதான் வரும். மோசியே, ட்ரையானே வழிவந்தவை அப்படிப்பட்டவை. அதனால் உறை காய்ந்துவிட்டதே என்று பிய்த்து எறியாதீர்கள். மாலையில் மொபைல் டார்ச்சை உறைக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள். உள்ளே அடியில் அரிசி அளவுக்குக் கருநிழல் தெரிந்தால் அதுதான் மொட்டு. உறைக்குள் தண்ணீர் கோத்திருந்தால் நுனியைக் கவனமாகக் கத்தரித்துக் காற்றுப் படவிடுங்கள், இல்லாவிட்டால் மொட்டு உள்ளேயே அழுகிவிடும்.

பல்பு முதிர்ந்து வளர்ச்சி நின்றதும் தண்ணீரையும் உரத்தையும் குறைத்து ஓய்வு கொடுங்கள். பல்பு லேசாகச் சுருங்கலாம், ரொம்பச் சுருங்கினால் ஒருமுறை ஊற்றுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கேட்லியா லேபியாட்டா, ட்ரையானே, மோசியே போன்ற இனங்கள் பகல் குறுகும்போதுதான் மொட்டுப் பிடிக்கும். ஹாலில் ராத்திரி 11 மணிவரை டியூப் லைட் எரிந்தால் செடிக்கு அது நீண்ட பகல். எல்லாம் சரியாக இருந்தும் ஏன் பூக்கவில்லை என்று குழம்புபவர்கள் ஐப்பசியிலிருந்து இரவில் விளக்குப் படாத அறைக்குச் செடியை மாற்றிப் பார்க்கலாம். கலப்பினங்கள் பல இதைப் பொருட்படுத்துவதில்லை.

மொட்டு வந்தபின் செடியைத் திருப்பித் திருப்பி வைக்காதீர்கள், பூ கோணிக்கொள்ளும். பழக்கூடை பக்கத்தில் வைக்கவே வேண்டாம். பழுத்த வாழைப்பழமும் மாம்பழமும் விடும் எத்திலீன் வாயு பட்டால் இதழ்கள் நுனியிலிருந்து காகிதம் போல வாடும், மொட்டும் உதிரும். புகைக்கும் அதே விளைவு, ஆகவே சாம்பிராணி போடும் இடத்திலிருந்தும் தள்ளி வையுங்கள். பூ விரிந்து முழு நிறமும் மணமும் வர இரண்டு மூன்று நாள் ஆகும். பிறகு இரண்டு வாரமாவது நிற்கும். மணம் காலையில்தான் தூக்கல்.

7. பூத்து முடிந்த பிறகு

பூத்தண்டை வெட்டிவிடுங்கள். வெட்டும் கத்தியைத் தீயில் காட்டிவிட்டு வெட்டுவது முக்கியம். ஆர்கிட்டுக்கு வரும் வைரஸ் நோய்கள் பெரும்பாலும் கத்தி மூலம்தான் செடிக்குச் செடி பரவுகின்றன, மருந்தும் கிடையாது. பல்பைச் சுற்றியிருக்கும் காய்ந்த தோலை உரித்துப் பாருங்கள். மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் அதற்குள்தான் குடியிருக்கும். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போகும், ஒரு வாரம் கழித்து மறுபடி துடைக்க வேண்டும்.

இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தொட்டி மாற்றவேண்டி வரும். மாற்ற ஒரே நேரம்தான் உண்டு: புது முளையின் அடியில் புது வேர் பச்சை நுனியோடு எட்டிப்பார்க்கும் நேரம். அழுகிய வேரை வெட்டி, பழைய பல்பு தொட்டியின் ஓரத்தை ஒட்டியும் புது முளை நடுவை நோக்கியும் இருக்குமாறு வையுங்கள். பல்புகளை அடியில் இணைக்கும் கிடைத்தண்டு புதையாமல் மேலாகவே இருக்கட்டும். செடி ஆடாமல் ஒரு குச்சியில் கட்டுங்கள். பிரிக்க விரும்பினால் துண்டுக்கு மூன்று நான்கு பல்பாவது விடுங்கள், அதற்குக் குறைந்தால் பூக்க வருடங்கள் தள்ளிப்போகும். ஒரு வாரம், பத்து நாள் நிழலில் வைத்து லேசாக ஸ்ப்ரே மட்டும் செய்யுங்கள். பழைய தொட்டியில் குத்தியிருந்த பெயர்ச்சீட்டை எடுத்துப் புதியதில் குத்தி, பின்பக்கம் பூத்த மாதத்தை பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா மை வெயிலில் ஆறு மாதம்கூடத் தாங்காது.