பாதியில் நின்ற லீவர்

டெக்சாஸில் நான் வாங்கியது, 1873ஆம் ஆண்டு வின்செஸ்டர் துப்பாக்கியின் மறுபதிப்பு. இத்தாலியத் தயாரிப்பு; .357 மேக்னம் அளவு. அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவும் போடலாம் என்பதால் மலிவான தட்டைமுனைத் தோட்டாக்களை ஒரு பெட்டி வாங்கினேன். சிக்கனம் பார்த்த வினை!

முதல் தடவையே, தோட்டாவை ஏற்ற இழுக்கும் கைப்பிடியான லீவர் பாதியில் நின்றது. முரட்டுத்தனமாக இழுக்கக் கை பரபரத்தது; நல்ல வேளை, இழுக்கவில்லை. துப்பாக்கியின் வாயைச் சுடுதளத்து மண்மேட்டை நோக்கியே வைத்துக்கொண்டு, திறந்திருந்த மேல்பக்கம் வழியாகப் பார்த்தேன்.

தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடக்கும் குழல், சுடும் குழாய்க்குக் கீழே இருக்கிறது. அந்தக் குழலிலிருந்து வரும் தோட்டாவை மேலே ஏற்றுவது ஒரு பித்தளைக் கட்டை. அடுத்த தோட்டா அதற்குள் நுழையாமல் தடுக்கத் தனியாக எந்தத் தடுப்பும் கிடையாது. கட்டையில் கிடக்கும் தோட்டாவின் நீளமே தடுப்பு. என் தட்டைமுனைத் தோட்டா சுமார் 30 மில்லிமீட்டர்தான். மிச்ச இடத்தில் அடுத்ததன் விளிம்பு தலையை நீட்டிவிட்டது. கட்டை எப்படி எழும்பும்?

மெல்லிய மரக்குச்சியால் அந்த இரண்டாம் தோட்டாவைக் குழலுக்குள் திருப்பித் தள்ளினேன். லீவர் வெண்ணெய் போல நகர்ந்தது. எல்லாத் தோட்டாக்களையும் வெளியே எடுத்து, தோட்டா வெடிக்கும் அறையையும் குழலின் வாயையும் விரல்விட்டுச் சரிபார்த்தேன்.

துப்பாக்கியில் எதையும் ராவவில்லை. 39 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான, கூம்பி முனை மட்டும் தட்டையான .38 தோட்டாவுக்கு மாறினேன். அந்தப் பழைய பெட்டி நண்பரின் ரிவால்வருக்குப் போனது. அதில் அது ஒழுங்காகவே சுடுகிறது.