ஊர் ஆட்டத்தில் கேலரி குலுங்கணுமா?

கிறிஸ்துமஸுக்கு ஆழ்கடல் மீன்பிடிப் போட்டுகள் கரை சேர்ந்ததும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பக்கம் கால்பந்து டோர்ணமென்ட் தொடங்கிவிடும். தூத்தூரிலிருந்து நீரோடி வரைக்கும், கேரள எல்லையைத் தாண்டினால் பொழியூர் வரைக்கும், மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபிக்கு ஆள் அனுப்பிய கரை இது, ஆட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. பார்க்க வருகிற கூட்டம்தான் பிரச்சினை. போன வருடம் ஒரு ஃபைனலுக்கு இரண்டாயிரம் பேர் வந்திருப்பார்கள். பாதிப் பேர் கையில் போன், மீதிப் பேர் கையில் கடலைப் பொட்டலம், கோல் விழுந்தால் ஒரு 'ஓ', அப்புறம் பழையபடி. அதே வாரம் பக்கத்து ஊரில் ஒரு காலிறுதி, முந்நூறு பேர்கூட இல்லை, எனக்குக் கை முடியெல்லாம் எழுந்து நின்றது. இந்த வருடம் கேலரிப் பொறுப்பை உங்கள் தலையில் கட்டியிருந்தால் இதை வாசித்துவிட்டுப் போங்கள்.

முதல் வேலை இடம் பிடிப்பது. சத்தம் போடத் தெரிந்த நாற்பது பேர் மைதானத்தைச் சுற்றி நாற்பது இடத்தில் நின்றால் நாற்பது தனிக் கூச்சல்தான் வரும். அந்த நாற்பது பேரையும் தோளோடு தோள் உரச ஒரே இடத்தில் நிறுத்துங்கள், முடிந்தால் கோல் போஸ்டுக்குப் பின்னால். நடுவில் ஆள் இடைவெளி விழக்கூடாது, பக்கத்தில் நிற்பவன் கத்துவது காதில் விழுந்தால்தான் கூச்சப்படுகிறவனுக்கும் வாய் திறக்கும். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் மைதானத்தின் தெற்குப் பக்கத்தில் சுமார் 25,000 பேர் ஒரே சரிவில் நின்றுகொண்டே பார்ப்பார்கள், மஞ்சள் சுவர் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. உட்கார்ந்தவன் பாட மாட்டான். நாற்காலி போட்டால் அங்கே விருந்தாளிதான் உருவாவார்.

மைதானத்தைச் சுற்றிக் கட்டுகிற கயிற்றையும் கவனியுங்கள். கோட்டிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கட்டினால் ஆட்டம் தூரமாகிவிடும், ஒட்டிக் கட்டினால் விங்கில் ஓடுகிறவன் கூட்டத்துக்குள் வந்து விழுவான். மூன்று மீட்டர் சரியாக வருகிறது என்பது என் அனுபவம். கொல்கத்தா சால்ட் லேக் மாதிரி சுற்றிலும் ஓடுதளம் இருக்கிற மைதானங்களில் எத்தனை ஆயிரம் பேர் கத்தினாலும் பாதிச் சத்தம் அந்த வளையத்தைத் தாண்டுவதற்குள் சாகும்.

கடற்கரை மைதானத்துக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது, எங்களுக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. சாயங்காலம் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். நாங்கள் குருசடி என்கிற சின்னச் சிலுவைக் கோயில் பக்கம் நின்று, கடலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினோம், அவ்வளவும் தென்னந்தோப்புக்குத்தான் போனது. போதாததற்கு சூரியன் நேராகக் கண்ணில். அடுத்த வருடம் கடலுக்கு முதுகைக் காட்டி மணல் மேட்டில் நின்றோம். அதே ஆட்கள், அதே கோஷம், எதிர் கோல் போஸ்டில் நின்ற கீப்பர் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

இனி கத்துவது எப்படி. கரையில் நின்று இழுக்கிற பெரிய வலையான கரைமடியை இழுத்த கை உங்களுடையது என்றால் இது புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் அம்பா என்கிற வலை இழுப்புப் பாட்டை எடுப்பான், மற்றவர்கள் பதில் சொல்லும்போதே கயிறு வரும். எடுப்பவன் சொல்கிற நேரம் மூச்சு வாங்க, பதில் சொல்கிற நேரம் இழுக்க. கேலரிக் கோஷத்துக்கும் அதே கணக்குதான். எடுப்பு நீளமாக இருக்கலாம், பதில் மூன்று நான்கு அசைக்கு மேல் போகக்கூடாது. முதல் தடவை கேட்பவன் இரண்டாம் தடவையே சேர்ந்துகொள்ள வேண்டும். நான்கு வரிப் பாட்டு எழுதிக் கொண்டுவந்து பேப்பரில் பிரிண்ட் எடுத்து விநியோகித்த அறிவாளிகளும் எங்கள் ஊரில் உண்டு, அந்தப் பேப்பர் கடலை மடிக்க உதவியது.

எடுப்பவன் யார் என்பதில்தான் முக்கால்வாசி விஷயம். அவன் ஆட்டத்துக்கு முதுகு காட்டி, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ஐரோப்பாவில் இந்த வேலைக்கென்றே ஆள் இருப்பார், தொண்ணூறு நிமிடமும் கோலைப் பார்க்காமலே வீட்டுக்குப் போவார். அந்தத் தியாகத்துக்கு ஆள் கிடைக்காவிட்டால் இரண்டு பேரை மாற்றி மாற்றி நிறுத்துங்கள், பக்கத்தில் ஒருத்தன் ஆட்டத்தைப் பார்த்துக் காதில் சொல்லட்டும். குரல் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை, கனமாக இருக்க வேண்டும் என்றுமில்லை, கீச்சென்று வெட்ட வேண்டும். நான் மேலே சொன்ன காலிறுதியில் எடுத்தது யார் தெரியுமா, தலைச்சுமட்டு மீன் விற்கிற ஒரு அம்மச்சி. பேரன் கீப்பர். தெருமுனையில் நின்று சாளை மீனுக்கு 'சாளேய்' என்று கூப்பிட்டால் எட்டு வீட்டுக் கதவு திறக்கிற தொண்டை அது. பேரன் பெயரை அதே இழுப்பில் இழுத்தார், முதலில் பிள்ளைகள் சிரித்தார்கள், மூன்றாம் தடவை கேலரி மொத்தமும் அந்த இழுப்பிலேயே திருப்பிச் சொன்னது. ஆகவே பெண்களுக்கு ஓரத்தில் தனியாக நாலு நாற்காலி போட்டு மரியாதை செய்யாதீர்கள். நடுவில் இடம் கொடுங்கள், பக்கத்தில் கக்கூஸ் வசதி இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல்தான் பாதிப் பேர் இடைவேளையோடு போகிறார்கள்.

மேளம். கேரளத்துச் செண்டைக் குழுவான சிங்காரி மேளம் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று எல்லாருக்கும் தோன்றும், எங்களுக்கும் தோன்றியது. பணம் கொடுத்துக் கூப்பிட்டோம். அவர்கள் வந்து விசில் முதல் விசில் வரைக்கும் ஒரு நொடி நிறுத்தாமல் வாசித்தார்கள். நடுவர் பெனால்டி கொடுத்தது பாதிப் பேருக்குத் தெரியவில்லை, பந்தைப் புள்ளியில் வைத்த பிறகுதான் கூட்டமே விழித்தது. மேளம் கூட்டத்தின் வாயை மூடி வைத்துவிட்டது. அதன் பிறகு ஒரு செண்டை, ஒரு பெரிய டிரம், அவ்வளவுதான் வைத்துக்கொள்கிறோம், எடுப்பவன் கையைப் பார்த்து மட்டுமே அடி விழும். 2016 யூரோ கோப்பையில் ஐஸ்லாந்துக்காரர்கள் கை தட்டியதைப் பார்த்திருப்பீர்கள், ஒரு அடி, நீண்ட மௌனம், எல்லாரும் சேர்ந்து ஒரு தட்டு. அங்கே உடம்பைச் சிலிர்க்க வைத்தது அந்த இடைவெளிதான். 2010 உலகக் கோப்பையில் ஊதிக்கொண்டே இருந்த வுவுசெலா இதற்கு நேர் எதிர், டிவியில் பார்த்தபோது குளவிக்கூட்டைக் கலைத்த மாதிரி ஒரே இரைச்சல்.

மைக் செட்டுக்காரரிடமும் முன்னாலேயே பேசிவிடுங்கள். த்ரோ இன்னுக்கு ஒரு சினிமாப் பாட்டு, கார்னருக்கு ஒரு சினிமாப் பாட்டு என்று போட்டால் கூட்டம் வேடிக்கை பார்க்கும். அனௌன்ஸர் மாற்று ஆட்டக்காரர் பெயரைச் சொல்லட்டும், கோல் அடித்தவன் பெயரில் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தட்டும், மீதியைக் கேலரி சொல்லும்.

ஆட்டத்தோடு சேர்ந்து கத்துவது பழக்கத்தில்தான் வரும். கோலுக்குக் கத்த யாரும் சொல்லித்தர வேண்டாம். தடுத்து ஆடுகிற நம்முடைய பேக் விழுந்து புரண்டு ஒரு பந்தைத் தடுத்தால் கோல் அடித்த மாதிரி எழ வேண்டும். கார்னருக்கு மெதுவாகத் தொடங்கி, அடிக்க ஓடி வரும்போது ஏற்ற வேண்டும். நாம் கோல் வாங்கிய அடுத்த பத்து நொடிதான் கேலரியின் பரீட்சை, அந்த அமைதி நீண்டால் ஆடுகிறவன் தோள் தொங்கிவிடும். எடுப்பவன் அந்த இடத்தில் யோசிக்கவே கூடாது, மிக எளிதான கோஷத்தை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் ஆட்டத்தை மாற்றுமா என்று கேட்டால், 2020ல் கொரோனாவால் ஆளில்லாத மைதானங்களில் ஆட்டம் நடந்ததே, அப்போது ஐரோப்பாவில் கணக்குப் பார்த்தார்கள். சொந்த மைதானத்தின் பலம் குறைந்திருந்தது, வெளியூர் அணிக்குக் கிடைக்கிற மஞ்சள் அட்டையும் குறைந்திருந்தது. நடுவருக்கும் காது இருக்கிறது அல்லவா.

எதிர் ஊர்க்காரர்களை ஓரங்கட்டாதீர்கள். எதிர்க் கோல் போஸ்டுக்குப் பின்னால் அவர்களுக்கும் நல்ல இடம் கொடுங்கள். பதில் சொல்ல ஆள் இருந்தால்தான் நம் கோஷத்துக்கும் சூடு. ஒல்லி, குண்டு, போன வருடம் தவறவிட்ட பெனால்டி, இதையெல்லாம் கிண்டல் பண்ணலாம். சாதி, நிறம், வீட்டுப் பெண்கள், கடலில் உயிர் போனவர்கள், இந்த நான்கும் வாயில் வரக்கூடாது, வந்தால் நம் ஆள் என்றாலும் கயிற்றுக்கு வெளியே. 2024 மார்ச்சில் கேரளத்து மலப்புரம் அரீக்கோட்டில் செவன்ஸ், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து, ஆட வந்த ஐவரி கோஸ்ட் வீரர் ஒருவர், பார்வையாளர்கள் தன்னை அடித்தார்கள், நிறத்தைச் சொல்லித் திட்டினார்கள் என்று போலீசில் புகார் கொடுத்தார். செவன்ஸுக்கு உயிரையே கொடுக்கிற மண்ணில் இப்படி.

தலைப்பில் கேலரி குலுங்க என்றது பேச்சுக்குத்தான், நிஜமாகக் குலுங்கினால் உடனே எல்லாரையும் இறக்குங்கள். கமுகும் மூங்கிலும் வைத்துக் கட்டுகிற தற்காலிக கேலரி 2022 மார்ச்சில் மலப்புரத்தில் சரிந்து ஏகப்பட்ட பேருக்குக் காயம். 2025 பிப்ரவரியில் அரீக்கோட்டில் ஃபைனலுக்கு முன் விட்ட வாணவேடிக்கை கூட்டத்துக்குள் பாய்ந்தது. எனவே வெடி வேண்டாம், பேச்சே வேண்டாம், கலர் வேண்டுமென்றால் பழைய வலையில் துணி கட்டிக் கொடி செய்யுங்கள், காற்றில் நன்றாக ஆடும். குதிக்கிற நாற்பது பேரும் மணலில் நிற்கட்டும், மரத்தட்டில் வேண்டாம். வாசலைப் பூட்டாதீர்கள், நெரிசல் பின்னாலிருந்துதான் வரும், முன்னால் நிற்பவனுக்கு மூச்சு முட்டுவது பின்னால் தள்ளுகிறவனுக்குத் தெரியாது. 1989ல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 97 உயிர் போனது அப்படித்தான்.

இன்னொன்று. இந்தக் கரையில் ஒக்கிப் புயல் ஆளை எடுத்துக்கொண்டுபோன வீடுகள் அதிகம், 2017 நவம்பர் 30 யாருக்கும் மறக்காது. ஆட்டத்துக்கு முன் ஒரு நிமிடம் நிற்பதாக இருந்தால் மேளக்காரர், மைக்காரர், கடலைக்காரர் எல்லாரிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள். எங்கள் மைதானத்தில் அந்த ஒரு நிமிடம் அலைச் சத்தம் மட்டும் கேட்டது. அது முடிந்து எழுந்த முதல் கோஷம் மாதிரி ஒன்றை அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

எடுப்பவனுக்கு மறுநாள் குரல் இருக்காது. இடைவேளையில் ஐஸ் போட்ட சர்பத் கொடுக்காதீர்கள், இஞ்சி தட்டிப் போட்ட கட்டஞ்சாயா, பால் விடாத டீதான், ஒரு பிளாஸ்க் கொண்டுபோங்கள். அம்மச்சிக்கும் ஒரு கிளாஸ்.