நெர்வ் டெஸ்ட்: சில்லிட்ட கையை நம்பாதீர்கள்

போன வாரம் புதுச்சேரியில் விடாத மழை. புதிதாகச் சேர்ந்த பயிற்சி டெக்னீஷியன் ஒருவர், நனைந்து வந்த நோயாளியை நேராக ஏ.சி. அறையில் படுக்க வைத்து எலக்ட்ரோடு ஒட்டிவிட்டார். நரம்பைச் சின்னக் கரண்டால் தூண்டி, அது எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று திரையில் வரும் அலையை வைத்து அளக்கும் டெஸ்ட் இது. நான் போய் அந்தக் கையைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. டெஸ்டை நிறுத்தச் சொன்னேன்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் நான் செய்த அதே தவறு. ஜெல் காய்ந்துபோவது, ஒயரை மாற்றிக் குத்துவது எல்லாம் திரையைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். அலை அழகாக வந்திருக்கும், ஆனால் எண் தப்பாக இருக்கும். அப்படிப்பட்ட தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன்.

கையின் சூட்டைப் பார்க்காமல் தொடங்குவது

அப்போது கடலூரில் ஒரு சின்ன லேபில் வேலை. முதுநகர் துறைமுகத்தில் மீன் விற்கும் அம்மா ஒருவர், விரலெல்லாம் மரத்துப்போகிறது என்று வந்தார். விடியற்காலையிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் கைவிட்டு மீன் எடுத்தவர், வியாபாரம் முடிந்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கிறார். நான் அதைக் கேட்கவில்லை.

மணிக்கட்டில் மீடியன் நரம்பை (கட்டைவிரல் பக்கம் போகும் நரம்பு) தூண்டினால் கட்டைவிரல் தசை துடிக்க எடுத்த நேரம், அதாவது லேட்டன்சி, 4.8 மில்லி செகண்ட். எங்கள் லேபில் 4.2 வரைதான் நார்மல். சுண்டுவிரல் பக்கம் போகும் அல்நார் நரம்பும் மந்தம், இரண்டு கையிலும் அதே கதை. பரவலான நரம்பு பாதிப்பு என்று ரிப்போர்ட் போய்விட்டது. அப்புறம் சர்க்கரை, பி12, தைராய்டு என்று ஒவ்வொன்றாக ரத்தப் பரிசோதனை. எல்லாம் நார்மல். காரணம் தெரியாத நரம்பு நோய் என்ற பயத்தோடு அவர் பல வாரங்கள் அலைந்தார்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அதற்கப்புறம் ஒருநாள் மறுபரிசோதனைக்கு வந்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. லேட்டன்சி 3.7. நான் குழம்பிப்போய், அன்றைக்கு என்ன வித்தியாசம் என்று கேட்டேன். “அன்னிக்குக் காலையிலருந்து கை ஐஸ்லதான் தம்பி கெடந்துச்சு. நீங்க கேக்கவே இல்லையே” என்றார். அந்தப் பரிசோதனைகளுக்கு அவர் செலவழித்த காசை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இது புதிய விஷயமே இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளையின் நரம்பில் வேகத்தை அளந்தபோதே, குளிரில் அது குறைவதைப் பார்த்துவிட்டார். நரம்பில் இருக்கும் சோடியம் வாசல்கள் குளிரில் மெதுவாகத் திறந்து மெதுவாக மூடுகின்றன. சூடு ஒரு டிகிரி குறைந்தால் வேகம் நொடிக்கு 1.5 முதல் 2.5 மீட்டர் வரை குறையும், லேட்டன்சி 0.2 மில்லி செகண்ட் கூடும். ஐந்தாறு டிகிரி குறைந்தால் ஒரு மில்லி செகண்ட் போய்விடும். நார்மலுக்கும் நோய்க்கும் நடுவில் அவ்வளவு இடம்கூட இல்லை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அலை தாமதமாக வருகிறது, ஆனால் வழக்கத்தைவிட உயரமாகவும் அகலமாகவும் இருக்கிறது என்றால் முதலில் குளிரைச் சந்தேகப்படுங்கள். குறிப்பாகத் தொடு உணர்வு நரம்புகளில் இது நன்றாகவே தெரியும்.

தோலின் சூடு கையில் 32 டிகிரி செல்சியஸ், காலில் 30 டிகிரிக்குக் குறைந்தால் தொடங்கவே கூடாது. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் வைத்து, துடைத்து, துண்டால் சுற்றுங்கள். தோல் சீக்கிரம் சூடாகிவிடும், உள்ளே இருக்கும் நரம்புக்கு நேரம் பிடிக்கும். அதனால் நடுவிலும் ஒருமுறை அளந்து பாருங்கள். ஃபார்முலா போட்டு எண்ணைத் திருத்திக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நல்ல நரம்புகளை வைத்துப் போட்ட கணக்கு. நோய்ப்பட்ட நரம்பு அதற்குக் கட்டுப்படாது.

இன்னொன்று. சர்க்கரை நோயில் மரத்துப்போன காலை வெந்நீரில் வைக்கும் முன் உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். அவருக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

குளிர் இதற்கு நேர்மாறாகவும் ஏமாற்றும். மயஸ்தீனியாவுக்காக (தசைகள் சீக்கிரம் சோர்ந்துபோகும் நோய்) நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும்போது அலை படிப்படியாகச் சரிய வேண்டும். கை குளிர்ந்திருந்தால் அந்தச் சரிவு மறைந்துபோகும். நோய் இருப்பவரை ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

முழங்கையை நீட்டி வைத்து அல்நார் எடுப்பது

நீட்டிய கையில் நரம்பு உள்ளே தளர்ந்து கிடக்கும், தோல்மேல் டேப் வைத்தால் தூரம் குறைவாக வரும். வேகமும் பொய்யாகக் குறையும். 70 முதல் 90 டிகிரி வரை மடக்கி வைத்து, அதே நிலையில் அளங்கள்.

கரண்ட் கூட்டுவதைப் பாதியில் நிறுத்துவது

நோயாளி முகம் சுளித்ததும் கை தயங்கும். அலை இனி உயராது என்ற இடம் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்வார்.

கணுக்கால் பி.பி. நன்றாக இருக்கிறது என்று ரத்தக் குழாயை விட்டுவிடுவது

நரம்போடு காலின் ரத்த ஓட்டத்தையும் நாங்கள் பார்ப்பதுண்டு. கணுக்கால் அழுத்தத்தை, இரண்டு கைகளில் எது அதிகமோ அந்த அழுத்தத்தால் வகுக்கிறோம். 0.9-க்குக் கீழே வந்தால் அடைப்பு என்பது எல்லோருக்கும் தெரியும். 1.4-க்கு மேலே வந்தால் பலர் ‘ரத்த ஓட்டம் பிரமாதம்’ என்று எழுதிவிடுகிறார்கள். நீண்டநாள் சர்க்கரை நோயிலும் சிறுநீரக நோயிலும் குழாய்ச் சுவரில் கால்சியம் படிந்து, பி.பி. பட்டையான கஃப் எவ்வளவு இறுக்கினாலும் அமுங்காது. உள்ளே அடைப்பு இருக்கலாம். கால் விரலில் அளந்து பாருங்கள். அங்கே கால்சியம் பெரும்பாலும் படிவதில்லை. விரல் அழுத்தத்தை அதேபோல் வகுத்து 0.7-க்குக் கீழே வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். மாடி ஏறி மூச்சிரைக்க வந்தவரைப் பத்து நிமிடம் படுக்கவைத்த பிறகே கஃப் கட்டுங்கள்.

தசையில் ஊசி செருகிப் பார்க்கும் டெஸ்டுக்கு முன்

வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை சாப்பிடுகிறாரா? கேளுங்கள், எழுதுங்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.