பெரிய எண்களில் திட்ட விலக்கம்: முதலில் கழித்துவிடுங்கள்

கையால் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவு) போடும்போது எல்லா எண்களிலிருந்தும் ஒரே எண்ணைக் கழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஐந்து நாள் விற்பனை 1020, 1035, 1010, 1045, 1040 என்றால் 1000-ஐக் கழியுங்கள்: 20, 35, 10, 45, 40. சராசரி 30, விலக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகை 850. இது கூறு (முழுத் தொகுதியிலிருந்து எடுத்த ஒரு பகுதி) என்பதால் 5-இல் ஒன்றைக் குறைத்து 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 14.58. மூல எண்களுக்கும் விடை இதேதான். எல்லா எண்களும் சேர்ந்தே நகர்வதால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மாறுவதில்லை. சராசரிக்கு மட்டும் 1000-ஐத் திரும்பக் கூட்டுங்கள்: 1030. பலர் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது இங்கேதான்.

மாறுபாட்டுக் கெழுவுக்கு (திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்துச் சதவீதமாக்குவது) கழித்த சராசரியைப் போடவே கூடாது. 14.58-ஐ 1030-ஆல் வகுத்தால் 1.4 சதவீதம், 30-ஆல் வகுத்தால் 48.6! பெருக்குச் சராசரிக்கும் (எண்களைப் பெருக்கி மூலம் எடுக்கும் சராசரி) இந்த வழி ஒத்துவராது.