இ.ஆர்.சி.பி பண்ணச் சொல்லிட்டாங்களா? முன்னாடியும் பின்னாடியும் கவனிக்க வேண்டியது

பித்தக்குழாய்ல கல்லு அடைச்சிருக்குன்னு டாக்டர் இ.ஆர்.சி.பி (வாய் வழியா டியூப் விட்டு அந்த அடைப்பை எடுக்கற சிகிச்சை) பண்ணணும்னு சொன்ன உடனே சில பேர் பெரிய ஆபரேஷன்னு பயந்துடறாங்க, சில பேர் சாதாரண எண்டோஸ்கோபி தானேன்னு லேசா விட்டுடறாங்க, ரெண்டுமே சரி கிடையாது. வயித்துல கத்தி வைக்க மாட்டாங்க, வாய் வழியாதான் டியூப் போகும், ஆனா உள்ள போய் செய்யற வேலை நிஜமாவே பெரிய வேலை. அதனால முன்கூட்டியே கொஞ்சம் தெரிஞ்சு வச்சுக்கிட்டுப் போங்க.

முதல்ல டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி, கல்லு எங்க இருக்கு? பித்தப்பையிலயா, பித்தக்குழாயிலயா, ரெண்டுலயுமா? கல்லீரல்ல சுரக்கற பித்தம் குழாய் வழியா சிறுகுடலுக்கு வருது, பித்தப்பை அந்தக் குழாய்க்குப் பக்கத்துல இருக்கற சேமிப்புப் பை, அவ்வளவுதான். பையில கல்லு இருந்தா பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது. அது குழாய்க்குள்ள இறங்கி அடைச்சாதான் கண்ணு மஞ்சளாகும், யூரின் கருத்துப் போகும், மலம் வெளுத்துப் போகும், உடம்பெல்லாம் அரிக்கும். இ.ஆர்.சி.பி சரி பண்றது குழாயில இருக்கற அடைப்பைத்தான். பையில இருக்கற கல்லு அப்படியேதான் இருக்கும், இது தெரியாமதான் பாதி பேர் "கல்லை எடுத்தாச்சு"ன்னு நிம்மதியா இருந்துடறாங்க.

ரெண்டாவது கேள்வி, குழாயில கல்லு இருக்கறது உறுதியா தெரிஞ்சுதா? எம்.ஆர்.சி.பி ஸ்கேனோ (பித்தக்குழாயைப் படம் எடுக்கற எம்.ஆர்.ஐ), எண்டோஸ்கோபிக் அல்ட்ராசவுண்டோ (வாய் வழியா டியூப் விட்டு உள்ள இருந்தே பாக்கற ஸ்கேன்) எடுத்துப் பாத்தா தெரிஞ்சுடும். சின்னக் கல்லு சில நேரம் தானா குடலுக்கு வெளியேறிடும், அப்ப இ.ஆர்.சி.பியே தேவைப்படாம போகலாம். சும்மா உள்ள என்ன இருக்குன்னு பாக்க மட்டும் இதைச் செய்யற காலம் போயிடுச்சு. ஆனா குளிர் ஜுரம், மஞ்சள் காமாலை, வயித்து வலி மூணும் சேர்ந்து வந்தா யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க, அது குழாய்ல சீழ் பிடிக்கறதோட அறிகுறி, உடனே அட்மிட் ஆகணும்.

அடுத்தது மருந்து விஷயம், இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க, வார்ஃபாரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி, கண்டிப்பா சொல்லணும், ஏன்னா உள்ள வெட்டுவாங்க, ரத்தம் கசிய வாய்ப்பு இருக்கு. அதுக்காக நீங்களா நிறுத்திடவும் கூடாது, இதயத்துல ஸ்டென்ட் வச்சவங்களுக்கு அது உயிருக்கே ஆபத்து. சுகர் இருக்கறவங்க வெறும் வயித்துல இருக்கற அன்னைக்கு இன்சுலின் எவ்வளவு போடணும்னு கேட்டுக்கோங்க. பேஸ்மேக்கர், டை (எக்ஸ்ரேல குழாய் தெரிய ஏத்தற மருந்து) அலர்ஜி, கிட்னி பிரச்னை, கர்ப்பம், முன்னாடி வயித்துல பண்ணின ஆபரேஷன் எல்லாத்தையும் சொல்லிடுங்க. குடலை மாத்தி இணைக்கற ஆபரேஷன் பண்ணியிருந்தா டியூப் போற வழியே வேற. சாப்பாடு பொதுவா 6லருந்து 8 மணி நேரம் முன்னாடியே நிறுத்தச் சொல்லுவாங்க, தண்ணிக்கு ஆஸ்பத்திரில சொல்ற நேரத்தை அப்படியே ஃபாலோ பண்ணுங்க. பல்செட் இருந்தா கழட்டி வச்சுடுங்க.

உள்ள என்ன நடக்கும்னா, மயக்க மருந்து குடுத்து குப்புறவோ இடது பக்கமாவோ படுக்க வச்சு, பக்கவாட்டுல கேமரா இருக்கற டியூபை சிறுகுடல் ஆரம்பம் வரைக்கும் கொண்டு போவாங்க. அங்க பித்தக்குழாய் திறக்கற சின்ன வாய் இருக்கும், அதுக்குள்ள மெல்லிய ஒயரை விட்டு, டை ஏத்தி எக்ஸ்ரேல பாத்து, அந்தச் சின்ன வாயைக் கரண்ட்ல லேசா வெட்டி அகலமாக்கி பலூனாலயோ கூடையாலயோ கல்லை வெளிய எடுப்பாங்க. பெரிய கல்லா இருந்தா உள்ளயே உடைப்பாங்க, இப்ப லேசர் வச்சும் உடைக்கறாங்க. பொதுவா அரை மணியிலருந்து ஒரு மணி நேரம், சிக்கலா இருந்தா இன்னும் நேரமாகும். இந்த வெட்டற முறை 1974லதான் ஜெர்மனியிலயும் ஜப்பான்லயும் வந்துச்சு, அதுக்கு முன்னாடி குழாய்க் கல்லுக்கு வயித்தைத் திறக்கறதுதான் வழக்கமான வழி.

இதுல முக்கியமான சிக்கல் கணையம் வீங்கறது. கணையக் குழாயும் அதே இடத்துலதான் திறக்குது, அதனால 100 பேருக்குப் பண்ணினா சுமார் 3லருந்து 10 பேருக்கு இது வரும், பெரும்பாலும் லேசாதான் வரும், ஆனா சில பேருக்குக் கடுமையா போயிடும். இதைக் குறைக்கத்தான் ஆசனவாய் வழியா இண்டோமெத்தசினோ டைக்ளோஃபெனாக்கோ 100 மி.கி. வைப்பாங்க. கூச்சப்பட்டுக்கிட்டு வேணாம்னு சொல்லிடாதீங்க, சாதாரண மருந்துதான், ஆனா பலன் பெருசு. வலி மாத்திரை அலர்ஜி இருந்தா மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க.

முடிஞ்சதும் தொண்டை வலியும் வயிறு உப்பலும் இருக்கும், அது போயிடும். மேல்வயித்துல ஆரம்பிச்சு முதுகுக்குப் பாயற வலி, நிக்காத வாந்தி, குளிர் ஜுரம், கருப்பா மலம், ரத்த வாந்தி இதுல எது வந்தாலும் வீட்ல வலி மாத்திரை போட்டுப் படுக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. ரத்தக்கசிவு சில நாள் கழிச்சும் வரலாம். ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டாதீங்க, மயக்க மருந்து வேகம் உடம்புல இருக்கும்.

இப்ப நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நினைக்கறது ஸ்டென்ட் பத்தி. கல்லு முழுசா வரலைன்னாலோ சீழ் இருந்தாலோ பித்தம் வழிஞ்சு போக பித்தக்குழாய்க்குள்ள பிளாஸ்டிக் ஸ்டென்ட் (சின்ன டியூப்) வச்சு அனுப்புவாங்க. அது நிரந்தரம் இல்ல, பொதுவா 3 மாசத்துக்குள்ள எடுக்கணும் இல்ல மாத்தணும். காமாலை குறைஞ்சு நல்லா பசிக்க ஆரம்பிச்சதும் எல்லாரும் மறந்துடறாங்க, அப்புறம் அது அடைச்சு, அதைச் சுத்தியே புதுசா கல்லு சேர்ந்து, ஜுரத்தோட எமர்ஜென்சியா வராங்க. டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஸ்டென்ட் இருக்கா, பிளாஸ்டிக்கா மெட்டலா, எந்தத் தேதில எடுக்கணும்னு எழுதி வாங்கி ஃபோன்ல அலாரம் வச்சுடுங்க, கூட இருக்கறவங்க ஃபோன்லயும் வைங்க.

பித்தப்பைல கல்லு இருந்தா அதையும் தள்ளிப் போடாதீங்க, அது திரும்பக் குழாய்ல இறங்கும். உடம்பு தாங்கும்னா லேப்ராஸ்கோபில பையை எடுத்துடறது நல்லது, முடிஞ்சா அதே அட்மிஷன்லயே, இல்லன்னா ரெண்டு வாரத்துக்குள்ள. வயசானவங்க, ஆபரேஷன் தாங்காதவங்களுக்குப் பை வீங்கிப் போனா எண்டோஸ்கோபி வழியாவே வடிய வைக்கற முறையும் இருக்கு, கேட்டுப் பாருங்க.

பிலிருபின் (காமாலைல ரத்தத்துல ஏறற மஞ்சள் நிறப் பொருள்) ஒரே நாள்ல இறங்காது, சில நாள்லருந்து சில வாரம் கூட ஆகும், அதனால டாக்டர் சொன்ன தேதிக்கு ரத்த டெஸ்ட் எடுத்துடுங்க. குறைஞ்சுக்கிட்டே வந்தது திடீர்னு திரும்ப ஏறினா, இல்ல யூரின் மறுபடி கருத்துச்சுன்னா, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போயிடுங்க.