ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரைப் பார்த்து ரசிப்பது எப்படி?

எலெக்ட்ரிக் கிட்டாரை ரசிக்க அதை வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணித் தயங்குபவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்ட்ராட்டோகாஸ்டரை உலகுக்குத் தந்த லியோ ஃபெண்டருக்குக் கடைசிவரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. கணக்கியல் படித்த அவர், 1938 முதல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை நடத்தினார். அங்கு வந்த இசைக்கலைஞர்கள் தங்கள் கருவிகளைப் பற்றிச் சொன்ன குறைகளைப் பொறுமையாகக் கேட்டு, அவற்றை ஒவ்வொன்றாகத் தீர்க்க முயன்றதிலிருந்தே அவருடைய கிட்டார்கள் பிறந்தன. ஆகவே அவர் செய்த கருவியின் எந்தப் பகுதியைப் பார்த்தாலும், ‘இது யாருடைய எந்தக் குறைக்கு விடை?’ என்று கேட்டுக்கொண்டே பாருங்கள்.

கடையிலோ நண்பர் வீட்டிலோ ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் கைக்குக் கிடைத்தால், உரியவரின் அனுமதியோடு, இடுப்புப் பெல்ட்டின் உலோகம் உரசாதபடி அதைத் திருப்பிப் பின்புறத்திலிருந்து தொடங்குங்கள். கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் ஒரு சிறிய உலோகத் தகடும் நான்கு திருகுகளும் தெரியும். பழைய கருவிகளில் தகடு முழுச் செவ்வகமாகவே இருக்கும். பலர் கண்டுகொள்ளாமல் கடந்துபோகும் இந்தத் தகடுதான், என் கருத்தில், கருவியின் மிக அழகான பகுதி. அக்காலத்துக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றில் கழுத்து உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். அது வளைந்துவிட்டால் தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஃபெண்டரின் கிட்டாரிலோ நான்கு திருகுகளைக் கழற்றி வேறு கழுத்தைப் பொருத்திவிடலாம். ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையைப் போற்றும் நமக்கு இது முதலில் குறைவாகத் தோன்றக்கூடும். ஆனால் இரவுதோறும் வாசித்துப் பிழைக்கும் கலைஞருக்கு மறுநாளே கருவி திரும்பக் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

இனிக் கருவியைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வாசிப்பவரின் விலாவில் படும் இடம் குடைந்தும், முன்கை படியும் இடம் சரிந்தும் இருக்கும். 1950, 1951ஆம் ஆண்டுகளில் வெளிவந்து, கடைசியில் டெலிகாஸ்டர் என்று பெயர் நிலைத்த முந்தைய கிட்டார் ஒரு தட்டையான பலகை. அதன் விளிம்பு உடம்பில் குத்துகிறது என்று ரெக்ஸ் கேலியன், பில் கார்சன் போன்ற கலைஞர்கள் முறையிட்டார்கள். அதற்கான விடையை 1954இல் வெளிவந்த இந்த வளைவுகளில் காணலாம். உடலின் வடிவத்தை வரைந்ததில் ஃப்ரெடி டவாரஸுக்குப் பெரும் பங்கு உண்டு; ஹவாயில் பிறந்த அவர் தாமே கிட்டார் கலைஞராக இருந்தவர். கழுத்தின் இருபுறமும் உடலிலிருந்து நீளும் இரண்டு கொம்புகளில் மேல் கொம்பு கீழ்க் கொம்பைவிட நீண்டிருப்பதும் அலங்காரத்துக்காக அன்று: தோள்பட்டை வார் அதன் நுனியில் மாட்டப்படுவதால், நின்று வாசிக்கும்போது கழுத்து கீழே சாயாமல் எடை சமன்படுகிறது.

தலைப்பகுதியில் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் ஆறு பிருடைகளும் ஒரே பக்கம் வரிசையாக இருப்பதைக் கவனியுங்கள். பக்கத்துக்கு மூன்றாகப் பிருடைகள் அமைந்த கிட்டார்களில் தந்திகள் கழுத்தின் மேல்முனையைத் தாண்டியதும் விசிறிபோல் விலகிச் செல்லும். இங்கே அவை ஏறத்தாழ நேராகவே செல்கின்றன. தலையின் அளவு ஓரளவுக்குக் காலத்தையும் காட்டும். 1965 ஜனவரியில் ஃபெண்டர் தம் நிறுவனத்தை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலி, ஒளிபரப்பு நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார்; அந்த ஆண்டின் பிற்பகுதியிலிருந்து தலை பெரிதானது. இன்று இரண்டு அளவுகளிலும் புதிய கருவிகள் வருவதால், தலையை மட்டும் வைத்து வயதை முடிவு செய்துவிடக் கூடாது.

உடலின் மேல் தந்திகளின் கீழ்முனையைத் தாங்கும் பிரிட்ஜில் ஒவ்வொரு தந்திக்கும் தனித்தனியாக ஒரு சிறு தாங்கி இருக்கும். டெலிகாஸ்டரின் மூல வடிவத்தில் இரண்டு தந்திகளுக்கு ஒன்றாக மூன்று தாங்கிகளே இருந்தன. ஒரு தந்தியின் சுருதியைச் சரிசெய்தால் பக்கத்துத் தந்தியின் சுருதி சற்றே விலகும். ஆறு தாங்கிகளையும் முன்னும் பின்னும் மேலும் கீழும் நகர்த்த முடிந்ததால் அந்தத் தொல்லை நீங்கியது. பிரிட்ஜில் பொருந்திய கைப்பிடியை அழுத்தினால், உடலின் உள்ளே இருக்கும் சுருள்வில்கள் விரிந்து, தந்திகளின் இழுவிசை தளர்ந்து, சுருதி இறங்கும். ஃபெண்டர் இதற்கு ட்ரெமலோ என்று பெயரிட்டார். ட்ரெமலோ என்பது ஒலியளவின் அசைவையும் வைப்ரேட்டோ என்பது சுருதியின் அசைவையும் குறிக்கும் என்பதால் இரண்டாம் பெயரே பொருத்தமானது. ஆனாலும் தவறான பெயரே நிலைத்துவிட்டது.

தந்திகளுக்குக் கீழே இருந்து அவற்றின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் மூன்று பிக்கப்புகளுக்கு அதிக நேரம் கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஆறு சிறு காந்தங்கள் நிற்கும். அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறி, கம்பிச் சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. நைலான் தந்தியை மாட்டினால் பிக்கப் ஊமையாகிவிடும். பழைய பாணிப் பிக்கப்புகளில் காந்தங்கள் ஒரே உயரத்தில் இருக்க மாட்டா. மூன்றாம் தந்திக்குரிய காந்தம் நன்கு உயர்ந்து நிற்கும், ஏனெனில் 1950களில் அந்தத் தந்தி மேலே கம்பி சுற்றியதாக இருந்தது. அதன் ஒலி மற்றவற்றுக்கு ஈடாக எழ அந்த உயரம் தேவைப்பட்டது. இன்று பலரும் சுற்றில்லாத தந்தியையே மாட்டுவதால் அது சில கருவிகளில் தனித்து உரத்து ஒலிக்கும். ஒரு காலத்தின் வழக்கம் ஒரு காந்தத்தின் உயரத்தில் தங்கிவிட்டதைக் காணும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல் போதும். முதலில் வந்த மஞ்சளும் கருப்பும் கலந்த சன்பர்ஸ்டுக்குப் பிறகு கார்களுக்குரிய பெயின்ட் வண்ணங்களும் வந்தன. பழைய கருவிகளின் தேய்மானம் உண்மையான உழைப்பின் தடம் என்பதால், தொழிற்சாலையிலேயே தேய்த்துத் தரப்படும் புதிய கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாக, முகப்பில் சாய்வாகப் பதிந்திருக்கும் குழிவான துளையில் கேபிளைச் செருகி, ஆம்ப்ளிஃபயரில் வேறு எந்த விளைவும் சேர்க்காமல், ஒரே இசைத்தொடரை, எந்தப் பிக்கப் ஒலிக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுவிட்சின் ஐந்து நிலைகளிலும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். கழுத்தருகே உள்ள பிக்கப் தடித்தும், பிரிட்ஜருகே உள்ளது கூர்மையாகவும் ஒலிக்கும். தனிப் பிக்கப் ஒலிக்கும்போது மின்சாரத்தின் மெல்லிய இரைச்சல் கேட்டால் அதைப் பழுது என்று எண்ண வேண்டாம். ஒற்றைச் சுருளின் இயல்பு அது. பிறகு இரண்டாம், நான்காம் நிலைகளில் நின்று கேளுங்கள். ஃபெண்டர் வைத்த சுவிட்சில் மூன்று நிலைகளே இருந்தன. கலைஞர்கள் அதை இரண்டு நிலைகளுக்கு நடுவே நிறுத்திவைத்து, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்தொலிக்கும் கண்ணாடி போன்ற அந்த ஒலியைத் தாங்களே கண்டுபிடித்தார்கள். 1977இல்தான் நிறுவனம் அதற்கென்று ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தத் தொடங்கியது.