வாவிக்கரையில் முதல் பறவைக் கணக்கு

மட்டக்களப்பு வாவியில் பறவை எண்ண வருகிறவர்கள் முதலில் கேட்பது பைனாகுலரைப் பற்றித்தான். அது அப்புறம். முதலில் கரையைத் தெரிவு செய்யுங்கள்.

1. நிற்கும் இடம்

காலையில் என்றால் எழுவான்கரை, அதாவது சூரியன் எழும் கிழக்குக் கரை. வெயில் முதுகில் விழும், வாவி முன்னால் கிடக்கும், கொக்கின் கால் விரல் நிறம்கூடத் தெரியும். அதே நேரம் சூரியன் படும் மேற்குக் கரையான படுவான்கரையில் நின்றால் கண் கூசும். எல்லாப் பறவையும் கறுப்புத்தான். அங்கே பின்னேரம் போங்கள். கரைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பறவை பார்க்கிறவர்களாக இருந்திருப்பார்களோ!

2. கொக்கைப் பிரித்தறிதல்

என் முதல் கணக்கில் "வெள்ளைக் கொக்கு 60" என்று எழுதிக் கொடுத்தேன். குழுவின் மூத்தவர், "எந்தக் கொக்கு மனே?" என்றார். விழித்தேன்.

கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் விரல் என்றால் சின்னக் கொக்கு. மாட்டின் பின்னால் திரியும் மஞ்சள் அலகுக் குட்டையன் உண்ணிக்கொக்கு. பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் வாயைப் பாருங்கள்: வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரியது, கண்ணுக்குக் கீழே முடிந்தால் நடுத்தரம். மடையான் என்ற குளக்கொக்குத்தான் ஏமாற்றுக்காரன். இருக்கும்போது மண்ணிறம், பறந்தால் வெள்ளை. இருக்கையில் ஒன்று, பறக்கையில் இன்னொன்று என்று இரண்டு தரம் எண்ணிவிடாதீர்கள்.

3. கூட்டத்தை எண்ணுதல்

ஒரு ஓரத்தில் பத்துப் பறவையை எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் வைத்து, அப்படி எத்தனை பத்து என்று கூட்டம் முழுக்க அளந்துகொண்டு போங்கள். வீட்டில் சுளகில் ஒரு பிடி அரிசியைப் பரப்பி, ஊகித்துவிட்டு எண்ணிப் பாருங்கள். முதல் வாரம் வெட்கமாக இருக்கும்.

4. எழுதுதல்

திகதி, இடம், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை பேர் எண்ணினீர்கள். காகத்தையும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் "தெரியாதது 1" போதும், ஊகம் வேண்டாம்.

5. தை மாதம்

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு தையிலும் (ஜனவரியில்) நடக்கிறது. வலசை வந்தவை அப்போது ஓரிடத்தில் தங்கியிருக்கும் என்பதால்தான் அந்த மாதம். நமக்கு அது மழைக்காலமும்கூட. பேனை வேண்டாம், மை கரையும். பென்சிலும், கொப்பிக்கு ஒரு பொலித்தீன் பையும் கொண்டு வாருங்கள்.